மாலையைக் கழற்றிய அன்றே மீண்டும் சிகரெட்: விட முயல்வதும் விட்டுவிடுவதும் ஒன்றா?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. ஜவுளி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இருபத்திரண்டு வயதில் தொற்றிக்கொண்ட சிகரெட் இன்னும் என்னை விடவில்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஆகிறது. கடந்த ஒன்பது ஆண்டுகளாக அதை விடுவதற்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். புத்தாண்டு, பிறந்தநாள், மகளைப் பள்ளியில் சேர்த்த நாள், அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாள் என்று நாள் குறித்துக் குறித்து விட்டிருக்கிறேன். அதிகம் போனால் ஐந்து நாள் தாங்கியிருப்பேன்.

எனக்கே விளங்காத செய்தி ஒன்று உண்டு. இதே ஒன்பது ஆண்டுகளில் ஆறு முறை சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். கார்த்திகை முதல் நாள் குருசாமி மாலை அணிவித்ததிலிருந்து மலைக்குப் போய்த் திரும்பும் வரை, 41 நாளுக்குக் குறையாமல், ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. முதல் மூன்று நான்கு நாள் தலைவலியும் காரணமில்லாத கோபமும் இருக்கும். பிறகு அந்த நினைப்பே பெரும்பாலும் வராது. உடன் வேலை செய்பவர்கள் என் எதிரிலேயே புகைத்தாலும் கை நீளாது.

சென்ற முறை ஊர் திரும்பியதும் அம்மா மாலையைக் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்தார். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்றேன். விரத நாள் முழுவதும் என்னைச் 'சாமி' என்று அழைத்து வாழைப்பழம் மட்டுமே கொடுத்துவந்த கடைக்காரர், என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க சார்" என்று சொல்லி, நான் கேட்பதற்கு முன்பே வழக்கமான சிகரெட்டை எடுத்து நீட்டினார். நூலில் தொங்கிய லைட்டரை இழுத்துப் பற்றவைத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே தலை சுற்றியது, சுவையும் பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசி வரை இழுத்துவிட்டுத்தான் வந்தேன். மறுநாள் நான்கு. அந்த வாரம் முடிவதற்குள் பழைய கணக்குக்கே வந்துவிட்டேன்.

மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்கிறார்கள். 41 நாள் வைத்த மனம் என்னுடையதுதானே? அதே மனத்தால் புத்தாண்டில் ஐந்து நாளுக்கு மேல் ஏன் தாங்க முடியவில்லை? சாமி மீதுள்ள பயம்தான் காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

மலைக்கோட்டை எழுதியது:

தம்பி, நான் உங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவன். புகைப்பதை நிறுத்திப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் பதிவில் நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டுப் போன ஒரு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். சிகரெட்டைப் பற்றி எழுதும்போது "விடுவதற்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்" என்றீர்கள். மாலையைப் பற்றி எழுதும்போது "போட்டிருக்கிறேன்" என்றீர்கள். மாலை போட முயற்சி செய்துகொண்டிருப்பதாகச் சொல்லும் ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒன்று, கழுத்தில் மாலை இருக்கும், இல்லையென்றால் இருக்காது.

முயற்சி என்ற சொல்லின் மீது பழி இல்லை. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரம் முழுவதும் அதன் பெருமைதான். அங்கே அதற்கு, சோர்ந்துபோகாமல் செய்து முடிக்கும் உழைப்பு என்று பொருள். நம் காலத்தில்தான் அது மரியாதையாக மறுப்பதற்கான சொல்லாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போது "வர முயற்சி செய்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பந்தியில் அவருக்கு இலை போடும் கணக்கை யாரும் வைத்துக்கொள்வதில்லை. சொன்னவருக்கும் அது தெரியும், கேட்டவருக்கும் தெரியும். நம்மிடம் நாமே அதே சொல்லைச் சொல்லிக்கொள்ளும்போது மட்டும் அது தெரியாதது போல் நடந்துகொள்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். விடுவதாக அறிவித்த ஒவ்வொரு முறையும், ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் துணியில் சுற்றிய ஒரு பாக்கெட்டை வைத்திருப்பேன். அவசரத்துக்கு என்று எனக்கு நானே சமாதானம். எந்த அவசரம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தப் பாக்கெட் அங்கே இருக்கும் வரை, நான் விட்டவன் அல்லன், தள்ளிப்போட்டவன். காலை எழுந்ததும் இன்று புகைக்கலாமா வேண்டாமா என்று ஒரு விசாரணை. பத்து மணிக்கு மீண்டும். சாப்பாட்டுக்குப் பின் மீண்டும். ஒரு நாளில் இருபது முறை நடக்கும் வழக்கில் ஒரு முறையாவது எதிர்த்தரப்பு வென்றுவிடும். மாலை போட்டிருக்கும்போது உங்களுக்கு அந்த விசாரணையே இல்லை. கார்த்திகை முதல் நாளே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதனால்தான் உங்களுக்கு அந்த நாள்கள் எளிதாகத் தெரிகின்றன. விரதத்தில் உங்கள் மனவலிமை கூடிவிடவில்லை, அதைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் குறைந்துவிட்டன.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததில் வீரம் ஒன்றும் இல்லை. அந்தப் பாக்கெட்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். தேநீர்க் கடையில் நண்பர்கள் நீட்டும்போது "விட முயற்சி செய்கிறேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "நான் புகைப்பதில்லை" என்று சொல்லத் தொடங்கினேன். முதலாவதைச் சொன்னால் "இன்றைக்கு ஒன்று போட்டுவிட்டு நாளையிலிருந்து விடு" என்பார்கள். இரண்டாவதற்கு அவர்களிடம் பதில் இல்லை. பொய் சொல்வது போல் ஓரிரு வாரம் கூச்சமாகத்தான் இருந்தது.

செவிலி எழுதியது:

நான் புகையிலைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புபவர்களுக்கு ஆலோசனை வழங்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மலைக்கோட்டை ஐயா சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் உறுதி, வைராக்கியம் என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பேசினால், உடல் செய்யும் வேலை மறைந்துபோய்விடும்.

சிகரெட்டை நிறுத்திய சில மணி நேரத்தில் தவிப்பு தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரங்களில் வடிந்துவிடும். வைகைக்கரை அவர்கள் விரதத்தின் முதல் நான்கு நாள்களைப் பற்றி எழுதியிருப்பது பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. அப்படியானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புத்தாண்டு முயற்சிகளில் அவர் அதிகமாகத் தாங்கியது ஐந்து நாள். அந்த முறைகளில் மிகக் கடினமான பகுதியைக் கடந்து முடித்த பிறகுதான் முயற்சியைக் கைவிட்டிருக்கிறார். 41 நாள் கழித்துப் பெட்டிக்கடையில் நின்றபோதோ, அவர் உடல் நிக்கோட்டினைக் கேட்கவே இல்லை. தலை சுற்றியதும் சுவை பிடிக்காமல் போனதும் அதைத்தான் காட்டுகின்றன. அவரைக் கூப்பிட்டது அந்தக் கடையும் அந்த நேரமும் 'சார்' என்ற விளிப்பும்தான்.

நம் பெரியவர்கள் மூன்று வைராக்கியங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள்: புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம். கதை கேட்டு எழுந்து வரும் வரை, வலி தீரும் வரை, சுடுகாட்டிலிருந்து வந்து குளிக்கும் வரை. அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்த அன்று எடுத்த முடிவு இவற்றில் மூன்றாவதற்குப் பக்கத்து வீடு. உணர்ச்சி உண்மையானதுதான், அதன் ஆயுள்தான் குறைவு.

நான் வருபவர்களிடம் முதலில் கேட்பது, எந்தத் தேதி என்று. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறேன் என்பதே அடிக்கடி வரும் பதில். இங்கிலாந்தில் 697 பேரை வைத்து நடத்தி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினர் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். மற்றவர்கள் இரண்டு வாரங்களில் முக்கால் பங்கைக் குறைத்துவிட்டுப் பின்னர் நிறுத்தினார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும் குறைத்து நிறுத்தியவர்களில் 39 விழுக்காட்டினரும் புகைக்காமல் இருந்தார்கள். ஆறு மாதத்தில் அது முறையே 22, 15.5 என்று ஆனது. இதில் இரண்டு செய்திகள் உள்ளன. குறைத்து விட்டவர்களுக்கும்கூட ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது; நம்மவர்கள் சொல்லும் 'குறைத்துக்கொண்டே வருகிறேன்' என்பதில் அந்த நாள் இருப்பதில்லை. மற்றொன்று, சிறந்த பிரிவிலேயே ஆறு மாதத்துக்குள் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் தவறியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் உறுதி இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தவறிய மறுநாள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் கேட்பேன்.

நாள் குறித்துவிட்டால் நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்குப் பொதுவாக 4 மில்லிகிராம் தேவைப்படும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அதைச் சாதாரண மிட்டாய் போல் மெல்லக் கூடாது. மெதுவாகச் சில முறை மென்று, சுருக்கென்ற காரம் தெரிந்ததும், வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். பலர் வேகமாக மென்று விழுங்கிவிட்டு, வயிறு எரிகிறது, பயனில்லை என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைத்தும் பேசலாம்.

கீழவாசல் எழுதியது:

நான் புகைத்ததில்லை. புகைப்பவரின் மகளாகவும் பின்னர் மனைவியாகவும் இருந்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

என் அப்பா உறுதி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறை தவறியபோதும், "உனக்கு எங்கள் மீது உண்மையான அக்கறை இருந்தால் விட்டிருப்பாய்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். நான்காவது முறைக்குப் பிறகு அவர் உறுதி எடுப்பதை நிறுத்திவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று புகைக்கத் தொடங்கினார். உண்மையான உறுதி, வெறும் முயற்சி என்று பிரித்துப் பேசுவது தனக்குத் தானே பேசிக்கொள்ளும்போது பயன்படலாம். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது அது தடியாகிவிடுகிறது. தவறிய மறுநாள் என்ன செய்தார்கள் என்று செவிலி அக்கா கேட்பதாக எழுதியிருக்கும் கேள்வியை நாங்கள் அன்றே அப்பாவிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைகைக்கரை அண்ணனிடம் ஒரு கேள்வி. அந்த 41 நாள் உறுதி முழுவதும் உங்களுடையது மட்டும்தானா? விடியற்காலை நான்கு மணிக்கு நீங்கள் பச்சைத் தண்ணீரில் குளிப்பதற்கு முன்பே எழுந்து அடுப்பைத் துடைத்துப் பற்றவைத்தவர் யார்? வீட்டில் கவிச்சி சமைக்காமல் பிள்ளைகளைச் சமாளித்தவர் யார்? கடையில் எதிரில் வருபவர்கள் சாமி என்று அழைத்தார்கள், பெட்டிக்கடைக்காரர் வாழைப்பழத்தை மட்டும் நீட்டினார், உடன் வந்த சாமிகள் ஒவ்வொரு மாலையும் பஜனையில் உங்களைத் தேடினார்கள். ஓர் ஊரே சேர்ந்து உங்களைச் சிகரெட்டிலிருந்து காத்திருக்கிறது. புத்தாண்டு அன்று நீங்கள் விட்டபோது, அது உங்களைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா? உங்கள் பதிவில் அப்படி ஒருவரும் வரவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. விரதம் என்பதை முன்னோர்கள் தனி ஆளின் மன வலிமையை நம்பி அமைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரிவது. உடை, மாலை, அழைக்கும் பெயர், சாப்பாடு, படுக்கை என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவனிடம் கட்டுப்பாட்டைக் கேட்டார்கள்.

சீட்டுக்காரர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டானாவோ தீவில் ஒரு வங்கியோடு சேர்ந்து பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு திட்டத்தை நடத்தி, 2010ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். சிகரெட்டை விட விரும்புபவர் ஆறு மாதம் தம் பணத்தைக் கணக்கில் கட்டிவர வேண்டும். ஆறாம் மாத முடிவில் சிறுநீர்ப் பரிசோதனை. நிக்கோட்டின் இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும்; இருந்தால் முழுவதும் தருமத்துக்குப் போய்விடும். திட்டம் முன்வைக்கப்பட்டவர்கள், மற்றவர்களைவிட மூன்று விழுக்காட்டுப் புள்ளி அதிகமாகப் பரிசோதனையில் தேறினார்கள். பன்னிரண்டாம் மாதம் முன்னறிவிப்பின்றிச் சோதித்தபோதும் அந்த வேறுபாடு நின்றது.

எனக்குச் சுவையாகப்பட்டது வேறு. இந்தத் திட்டத்தை எடுத்துச் சொன்னபோது ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் 11 விழுக்காடுதான். மற்றவர்கள், தோற்றால் பணம் போய்விடும் என்றதும் நழுவிவிட்டார்கள். இருபது ஆண்டுகளாக ஏலச்சீட்டு நடத்திவருபவன் என்ற முறையில் இது எனக்கு வியப்பாக இல்லை. "இந்த மாதம் கட்ட முயற்சி செய்கிறேன்" என்று என்னிடம் சொல்பவர் அடுத்த மாதமும் கட்டுவதில்லை. உங்களுக்கு அந்த நாற்பத்தொரு நாளும் தவறினால் போவதற்கு ஒன்று இருந்தது: ஆறு முறை மலைக்குப் போன சாமி என்று ஊரில் இருந்த பெயர்.

வைகைக்கரை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதைப் படித்துவிட்டு உறக்கம் வரவில்லை. கீழவாசல் தங்கையின் கேள்விக்குப் பதில்: நான்கு மணிக்கு எழுந்தவர்கள் என் மனைவியும் அம்மாவும். புத்தாண்டு உறுதிகளைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. தவறினால் வெட்கப்பட வேண்டியிருக்குமே என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இப்போது எழுதிப் பார்த்தால், தவறுவதற்கு முன்னேற்பாடு செய்துகொண்டுதான் ஒவ்வொரு முறையும் தொடங்கியிருக்கிறேன் என்று தெரிகிறது. மலைக்கோட்டை அண்ணனின் ஸ்கூட்டர் பாக்கெட்டைப் போல.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். விரத நாள்களில் நான் சிகரெட்டை விட்டதாக ஒரு முறைகூட நினைத்ததில்லை. மலையிலிருந்து இறங்கியதும் வேனில் திரும்பும் வழியிலேயே, வீட்டுக்குப் போய் மாலையைக் கழற்றியதும் முதல் சிகரெட் எந்தக் கடையில் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நான் வாக்குக் கொடுத்தது 41 நாளுக்குத்தான். அதை அப்படியே காப்பாற்றினேன். 42ஆம் நாளைப் பற்றி யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை என்று தேதி வைத்திருக்கிறேன். கார்த்திகை வரை காத்திருந்தால் அது இன்னொரு விரதமாகிவிடும் என்று பயம். இன்று காலை மனைவியிடமும் மகளிடமும் சொன்னேன். மகள் உடனே நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டாள். கடையிலிருந்து திரும்பும் வழியை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெட்டிக்கடைக்காரரிடமே நேரில் போய், திங்கட்கிழமை முதல் எனக்குச் சிகரெட் தர வேண்டாம் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ சாமின்னு கூப்பிடவா, சார்னு கூப்பிடவா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவிலி அம்மாவிடம் ஒரு சந்தேகம். எனக்கு மிகவும் சிரமமான நேரம் மாலை நாலரை மணித் தேநீர். சூயிங்கத்தைத் தேநீர் குடித்துக்கொண்டே வாயில் வைத்திருக்கலாமா?

செவிலி எழுதியது:

கூடாது. தேநீர், காப்பி, பழச்சாறு எல்லாம் வாயில் அமிலத் தன்மையைக் கூட்டிவிடும். அப்போது நிக்கோட்டின் கன்னத்தின் வழியாகச் சரியாக உள்ளே போகாது. தேநீரை முதலில் குடித்து முடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மெல்லத் தொடங்குங்கள். அந்தப் பதினைந்து நிமிடம்தான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். நாலரை மணித் தேநீரை முதல் இரண்டு வாரமாவது கடைக்கு வெளியே போய்க் குடிக்காமல், உங்கள் மேசைக்கே வரவழைத்துக் குடியுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள். புகைத்திருந்தாலும் எழுதுங்கள்.